புதுப்பிப்பு: போக்கர் மேசையில் சாட்சி சொல்லலாமா என்று கேட்டிருந்தேனே

சேலம் அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் போக்கர் போட்டி. காசு கிடையாது, ஜெயித்தவருக்குத் தோற்றவர்கள் தட்டுவடை செட் வாங்கித் தரணும். அங்கே இயேசுவைப் பற்றிப் பேசலாமா, சீட்டையே விட்டுடணுமா என்று மூணு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன்.

துண்டுப்பிரசுரம் கொடுக்கச் சொன்னீங்க. கொடுத்தேன். டீ டம்ளருக்கு அடியில் போயிடுச்சு. அதோட விட்டேன்.

பேச்சு வேற வழியில் வந்தது. போன வாரம் கையில் ரெண்டு ஏஸ், போக்கரில் ஆரம்பத்தில் கிடைக்கிறதிலேயே பெரிய ஜோடி. 221 தடவைக்கு ஒருமுறைதான் அப்படி வரும். சிப் (காசுக்குப் பதிலா வைக்கிற வில்லை) மொத்தத்தையும் தள்ளினேன். எதிரே ஒரு அண்ணன், ஜோடி ஒன்பதோடு. கடைசிச் சீட்டில் மூணாவது ஒன்பது வந்து அவர் ஜெயிச்சுட்டார்! ஜோடி ஒன்பது ஜோடி ஏஸை ஜெயிக்கிறது ஐந்தில் ஒருமுறை நடக்கிறதுதான், கணக்கு தெரியும். ஆனா போன வருஷம் இதே மேசையில் சீட்டை விசிறி எறிந்தவன் நான். இந்தத் தடவை எழுந்து கை கொடுத்தேன்.

படியிறங்கும்போது, "ஏன் தம்பி, முன்ன மாதிரி கோவமே வர்றதில்லையே, சர்ச்சுக்குப் போறதாலயா?" என்றார் அந்த அண்ணன். வாசலிலேயே அரை மணி நேரம். பாதி அவர் மகளோட பரீட்சை பற்றித்தான். என் சாட்சி அஞ்சு நிமிஷம் இருக்கும்.

விபூதி இல்லாமல் உட்காராத பெரியவர் ஒருத்தர், "உங்க வேதத்துலயே சீட்டு இருக்காமே?" என்றார். நீதிமொழிகள் 16:33-இல் இருக்கு, ஆனா அது குலுக்கிப் போடுற சீட்டு என்றேன். "அதுலயும் உனக்கு விழாது" என்று ஒரே சிரிப்பு.

ஆயருக்கு இன்னும் முழு சம்மதமில்லை. காசு வைத்துப் பந்தயம் கட்டினால் அன்றே நிறுத்தணும் என்றார், ஒத்துக்கொண்டேன்.

அந்த அண்ணன், மகளையும் கூட்டிக்கிட்டு ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சைப் பார்க்க வர்றாராம். பைக்கா, பஸ்ஸா என்பதுதான் இன்னும் முடிவாகலை.