புதுப்பிப்பு: தம்பியின் விபத்து வழக்கில் 4 லட்சத்துக்குச் சமரசம் ஆகலாமா என்று கேட்டிருந்தேன்

அன்று பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வழக்கு முடிந்துவிட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: தம்பிக்கு வயது 34, தச்சு வேலை. கார் மோதி வலது மணிக்கட்டு நொறுங்கியது. மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனம் 4 லட்சம் தருவதாகச் சொன்னது. கடன் நெருக்கியதால் வாங்கிவிடலாம் என்றே இருந்தோம்.

"முதலில் அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் ஊனச் சான்று வாங்குங்கள், அப்புறம் கணக்குப் போடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் கைகொடுத்தது. தம்பி உளியையும் எடுத்துப்போனான். மருத்துவர் பிடித்துக் காட்டச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் விரல்கள் நடுங்கி உளி மேசையில் விழுந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 20% ஊனம் என்று சான்று கொடுத்தார்கள்.

மாத வருமானம் 15,000, ஆண்டுக்கு 1,80,000. இழப்பீட்டுக்கு ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு பெருக்கல் எண்ணால் பெருக்குவார்கள்; 31 முதல் 35 வயது வரை அது 16. பெருக்கி வருவதில் ஊன அளவான 20% என்றால் 5,76,000. மருத்துவச் செலவு 1,40,000 தனி. இந்தத் தாளை வக்கீல் அடுத்த அமர்வில் வைத்தார். 7,25,000க்கு முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று: முழுத் தொகையும் உடனே கைக்கு வரவில்லை, ஒரு பகுதியை வைப்புநிதியில் போட உத்தரவிட்டார்கள். இன்னொன்று, மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துக்கு முன்பே கணக்கைப் போட்டுவிடுங்கள்.