மறு: மாயத்துக்கு வன், மென் எதற்கு?

நண்பர்களுக்கு வணக்கம்.

கதைகளில் வரும் மாயத்தை ஆங்கிலத்தில் ஹார்ட் மேஜிக் (விதிகள் தெளிவாகச் சொல்லப்பட்டது), சாஃப்ட் மேஜிக் (விதி சொல்லாமல் மர்மமாக விடப்பட்டது) என்று பிரிக்கிறார்களே, அவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்றைய மடலைப் பார்த்த பிறகு முடியவில்லை.

> ஹார்ட் மேஜிக் = வன்மாயம், சாஃப்ட் மேஜிக் = மென்மாயம். வன்பொருள், மென்பொருள் மாதிரியே. வேலை முடிந்தது.

முடியவில்லை ஐயா. என் அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள், மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களை விழுங்குகிறவள். அவளிடம் வன்மாயம் என்றால் என்ன என்று கேட்டேன். "கெட்ட மந்திரவாதி பண்றதா மாமா?" என்றாள். வன்முறை, வன்கொடுமை, வன்சொல் என்று பழகிய காதில் வேறு எப்படி விழும்?

அந்த 'ஹார்ட்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பிடி கிடைக்கும். 1957இல் ஒரு நூல் மதிப்புரையில் பி. ஸ்கைலர் மில்லர் 'ஹார்ட் சயன்ஸ் ஃபிக்ஷன்' என்று எழுதினார். இயற்பியல், வேதியியல் விதிகளை மீறாத கதை என்பது பொருள். அந்த அடைமொழிதான் பிறகு மாயத்தின் மேலும் ஏறியது. 2007இல் மிகுபுனைவு நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் எழுதிய கட்டுரை ஹார்ட், சாஃப்ட் இரண்டையும் பரவலாக்கியது. மாயத்தை வைத்து ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டுமானால், அந்த மாயம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுதான் அவிழ்க்கலாம். அவர் சொன்னதன் சாரம் இது. ஆக, இங்கே பேச்சு கடினத்தைப் பற்றியதே அல்ல, விதியைப் பற்றியது. அதற்காக 'விதிமாயம்' என்று போட்டுவிடாதீர்கள், தலையெழுத்து என்று படிப்பார்கள்.

> மந்திரம் என்றே சொல்லலாமே?

இது எனக்கும் பிடித்த யோசனை. தமிழில் மாயமும் மந்திரமும் ஒன்றல்ல. 'பணம் மாயமாகிவிட்டது' என்கிறோம், 'மந்திரமாகிவிட்டது' என்பதில்லை. மாயத்துக்குக் காரணம் தெரியாது. மந்திரத்துக்கு எழுத்து பிசகக்கூடாது, இத்தனை உரு ஏற்ற வேண்டும், நாள் பார்க்க வேண்டும். செய்வினைக்காரர் மாவில் பொம்மை பிடிக்கிறார், ஆளின் முடியையோ காலடி மண்ணையோ கேட்கிறார். ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற மானிடவியலர் இப்படிப்பட்ட வழக்கங்களுக்கு அடியில் இரண்டு விதி இருப்பதாகச் சொன்னார்: ஒத்தது ஒத்ததை உண்டாக்கும், ஒருமுறை தொட்டுக்கொண்டிருந்தவை பிரிந்த பின்னும் ஒன்றையொன்று பாதிக்கும். பொம்மை முதல் விதி, முடி இரண்டாவது. விதியுள்ள மாயம் ஏதோ நாவலாசிரியர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது என்ற பேச்சு இந்த இழையிலேயே வந்தது. அது சரியல்ல.

ஆனால் தொல்காப்பியம் வழியை அடைக்கிறது. 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.' மந்திரம் என்றால் சொல். உலோகத்தை விழுங்கி பலம் பெறுவது, ரத்தத்தால் கோடு கிழித்துப் பூட்டுவது என்று வாயே திறக்காத வகைகள் கதைகளில் எத்தனையோ. அவற்றை மந்திரம் என்றால் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும்.

ஹார்ட் மேஜிக்குக்கு என் பரிந்துரை வித்தை. கற்றுக்கொள்வது, குரு உண்டு, தவறினால் கெடும். அறிவுக்கும் பெயர், கைத்திறத்துக்கும் பெயர்.

> வித்தை என்றால் அறிவியலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

நல்ல கேள்வி, இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி. விதி இருப்பதால் மட்டும் ஒன்று அறிவியலாகிவிடாது என்பது என் எண்ணம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் சரியான அளவில் கலந்து தீ வைத்தால் யார் வைத்தாலும் வெடிக்கும். நல்லவன், கெட்டவன், தீட்சை பெற்றவன் என்று அது பார்க்காது. வித்தை ஆளைப் பார்க்கும். 'அவர் கைக்குப் பலிக்கும்' என்கிறோமே, அந்தப் பலித்தல்தான் எல்லைக்கோடு. ஒரு கதையுலகில் நெருப்பு வரவழைக்கும் முறையை எவரும் ஏட்டைப் பார்த்துச் செய்துவிடலாம் என்றால், அந்த ஊர்க்காரர்களுக்கு அது வேதியியல்தான், நமக்குத்தான் மாயம்.

கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நியூட்டனின் ரசவாதக் கையெழுத்துப் படிகள் 1936இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் பலவற்றை வாங்கிய பொருளியலர் கெயின்ஸ், நியூட்டனைப் பகுத்தறிவுக் காலத்தின் முதல் ஆள் என்பதைவிடக் கடைசி 'மேஜிஷியன்' என்பதே பொருந்தும் என்று எழுதினார். இதைத் தமிழாக்கிப் பாருங்கள். 'கடைசி மந்திரவாதி' என்றால் எலுமிச்சம்பழம் ஞாபகம் வருகிறது. 'கடைசி வித்தைக்காரர்' என்றால் குரங்கும் உடுக்கையும். 'கடைசிச் சித்தர்' என்றதும் சட்டென்று உட்கார்ந்துகொள்கிறது, ரசவாதம் உட்பட.

வித்தைக்காரர் தெருவுக்குப் போய்விடுவதால், செய்பவருக்கு வித்தகர் என்று வைக்கலாம். மேஜிக் சிஸ்டம் (ஒரு கதையில் மாயம் இயங்கும் விதிகளின் தொகுப்பு) = வித்தைமுறை. அதன் வரம்புக்குக் கட்டு. வாய்க்கட்டு, திசைக்கட்டு என்று மாந்திரீகத்தில் புழங்குகிற சொல்தான். செய்வதற்குக் கொடுக்கும் விலைக்கு ஈடு. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'இந்நாவலின் வித்தைமுறையில் இரண்டு கட்டுகள் உண்டு, ஒவ்வொரு முறையும் வித்தகர் ஒரு நினைவை ஈடாகத் தர வேண்டும்.' நாக்கு தடுக்கவில்லை.

சாஃப்ட் மேஜிக்குக்கு? மாயம். அவ்வளவுதான். பிராய்லர் வரும் வரை நாட்டுக்கோழிக்குக் கோழி என்ற பெயரே போதுமாக இருந்தது. குழப்பம் வரும்போது அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் இடறுகிறது. சில கதைகளில் ஆற்றல் பிறவியிலேயே வருகிறது, யாரும் கற்றுத்தருவதில்லை. அதை வித்தை என்பது பொருந்தவில்லை. சித்து என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், அது தவமிருந்து பெறுவதாயிற்றே. யாருக்காவது சொல் தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள், புது இழை தொடங்க வேண்டாம்.