டயர், தகடு, கான்கார்டு: நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

ராயபுரம் கப்பல்காரர்:

அகமதாபாத் விபத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் "ஏறலாமா, பயமில்லையா?" என்பதுதான் பேச்சு. 2025 ஜூன் 12 அன்று அந்த விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். பயம் வராமல் இருக்குமா? ஆனால் பயத்தோடு கொஞ்சம் விவரமும் தெரிந்தால் மனசு தெளியும். டயர், எரிபொருள், ஓடுபாதை என்று விமானத்தோடு ஏதோ ஒரு வகையில் சம்பந்தப்பட்ட வேலை பார்த்தவர்கள் நம்ம வடசென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பயணம் போனவர்களும் எழுதலாம்.

நானே தொடங்குகிறேன். கப்பலில் இன்ஜின் ரூம் வேலை எனக்கு. தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலம், பார்படோஸ் தீவில் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்தில் எங்கள் கப்பல் நின்றது. ஒலியை விட வேகமாகப் பறந்த கான்கார்டு பயணி விமானம் லண்டனிலிருந்து அங்கே வந்து போன காலம். லீவு கிடைத்த அன்று நாங்கள் சிலர் வண்டி பிடித்துப் போய் விமான நிலைய வேலியோரம் நின்றோம். இறங்கும்போது உடம்பை நன்றாக மேலே தூக்கி வைத்திருந்தது, மூக்கு மட்டும் கீழே மடிந்திருந்தது. அப்படி மடிக்காவிட்டால் பைலட்டுக்கு ஓடுபாதை கண்ணில் படாது. திரும்பிக் கிளம்பியபோது நான்கு இன்ஜினின் பின்னாலும் நெருப்பு நீளமாகத் தெரிந்தது. நான் பிடித்திருந்த கம்பிவேலி கையில் அதிர்ந்தது. எத்தனையோ இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் வாழ்ந்தவன், அன்றைக்கு அசந்து போனேன்.

கான்கார்டு 1969 மார்ச் 2இல் பிரான்ஸின் துலூஸில் முதலில் பறந்தது. 1976 ஜனவரி 21 முதல் பயணிகளை ஏற்றியது. மொத்தம் செய்தது 20, அதில் விமான நிறுவனங்கள் ஓட்டியது 14தான். நம்ம ஏர் இந்தியாவும் இரண்டுக்கு முன்பதிவு செய்து வைத்திருந்து, பிறகு விட்டுவிட்டது.

திருவொற்றியூர் டயர்காரர்:

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள். டயர் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கான்கார்டு என்றாலே எல்லோரும் வேகத்தைப் பேசுவார்கள். எனக்கு அதன் டயர்தான் ஞாபகம் வரும்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். ரப்பரைச் சூட்டில் இறுக்கும் க்யூரிங் பிரஸ்ஸிலிருந்து வரும் டயரை ஆறவைத்து, கடைசிப் பரிசோதனையில் ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றுவோம். உள்பக்கம் விளக்கைப் பிடித்து விரலால் தடவிக்கொண்டே வருவோம். அடுக்குகளுக்கு நடுவே காற்று சிக்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதை விட்டுவிட்டால் ஓடும்போது சூடேறி அந்த இடத்திலிருந்துதான் பிரியும். லாரி டயருக்கே இவ்வளவு கவனம். விமான டயரை நைட்ரஜன் நிரப்பி, அதைவிட சுமார் இரண்டு மடங்கு அழுத்தத்தில் ஓட்டுகிறார்கள்.

கான்கார்டின் டயருக்கு இன்னும் கஷ்டம் அதிகம். அதன் முக்கோண இறக்கையில் மற்ற விமானங்கள் மாதிரி, குறைந்த வேகத்திலும் மேலே தூக்க உதவும் ஃபிளாப் மடிப்பு கிடையாது. அதனால் தரையை விட்டுக் கிளம்ப மணிக்கு சுமார் 400 கி.மீ. வேகம் வேண்டும். அந்த வேகத்தில் சுழலும் டயர் வெடித்தால், பிய்ந்த ரப்பர் எங்கே போய் அடிக்கும்? நேர் மேலே இறக்கை, இறக்கைக்குள் எரிபொருள் தொட்டி.

இது முன்கூட்டியே தெரிந்த ஆபத்து. 1979 ஜூனில் வாஷிங்டனில் கிளம்பும்போது ஒரு கான்கார்டின் டயர்கள் வெடித்து, சிதறிய துண்டுகள் தொட்டியிலும் ஹைட்ராலிக் குழாயிலும் அடித்தன. பத்திரமாக இறங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு சில மாற்றங்கள் செய்தார்கள், ஆனால் தொட்டிக்குப் பாதுகாப்பு வைக்கவில்லை. 2000 ஜூலை 25 வரைக்கும் அப்படியே ஓட்டினார்கள். அன்றைக்கு பாரிஸில் ஓடுபாதையில் கிடந்த உலோகத் தகடு ஒன்றின் மேல் சக்கரம் ஏறியது. டயர் கிழிந்து, சுமார் நாலரைக் கிலோ துண்டு இறக்கையின் அடிப்பக்கம் மோதியது.

இதில் பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. தொட்டியைப் பெரிதாகப் பிளந்தது அந்த ரப்பர் துண்டு நேரடியாகக் குத்தி அல்ல. தொட்டி கிட்டத்தட்ட முழுசாக நிரம்பியிருந்தது. கழுத்து வரை நிரம்பிய தண்ணீர்க் கேனை ஒரு பக்கம் அடித்தால் இன்னொரு பக்கம் தையல் விடுகிற மாதிரி, அடி பட்ட அதிர்ச்சி எரிபொருள் வழியாகப் பரவி, தொட்டியின் தகட்டை உள்ளிருந்து வெளியே தள்ளிப் பிய்த்துவிட்டது. கொட்டிய எரிபொருள் தீப்பிடித்தது. இடப்பக்கத்து இரண்டு இன்ஜினும் பலம் இழந்தன, சக்கரம் உள்ளே மடங்கவில்லை. விமானத்தில் 109 பேர், கோனெஸ் ஊரில் அது விழுந்த ஹோட்டலில் 4 பேர், ஆக 113 உயிர்.

அதன் பிறகுதான் தொட்டிக்குள் கெவ்லர் என்ற மிக உறுதியான இழையில் செய்த விரிப்புப் போட்டார்கள். மிஷலின் கம்பெனி புது வகை டயர் செய்து கொடுத்தது, வெட்டுப்பட்டாலும் பெரிய துண்டாகப் பிய்யாத டயர். 2001 நவம்பரில் மறுபடி ஓட்டினார்கள், 2003இல் நிறுத்திவிட்டார்கள். 21 வருஷம் முன்னாலேயே டயர் எச்சரிக்கை கொடுத்தது. அந்தக் கெவ்லரை அப்போதே போட்டிருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகிறவர்கள் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். எர்ணாவூர் பக்கம் ஒரு டிரெய்லரின் பழைய டயர் மேல் ஒட்டிய ரீட்ரெட் பட்டை உரிந்து பறந்து, பக்கத்தில் போன ஷேர் ஆட்டோவின் மட்கார்டை மடக்கியதைப் பார்த்தேன். அந்த லாரி ஒன்றும் பெரிய வேகத்தில் போகவில்லை.

வியாசர்பாடி தம்பி:

அண்ணே, அந்தத் தகடு பற்றி நான் சொல்கிறேன். மீனம்பாக்கத்தில் தரைப்பணியில் இருக்கிறேன். எங்கள் பாஷையில் அதற்கு எஃப்.ஓ.டி. என்று பெயர், ஓடுபாதையிலோ விமானம் நிற்கும் இடத்திலோ கிடக்கக்கூடாத எந்தப் பொருளும் எஃப்.ஓ.டி.தான். வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். வரிசையாக நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடப்போம். கிடைப்பதெல்லாம் பார்த்தால் சாதாரணமாக இருக்கும்: பெட்டியிலிருந்து கழன்ற சக்கரம், ஜிப் நுனி, பூட்டு, தண்ணீர் பாட்டில் மூடி. இன்ஜின் உறிஞ்சினால் இதில் எதுவும் சாதாரணம் இல்லை.

ஒருநாள் வெயிலில் ஒரு போல்ட் மினுங்கியது. எடுத்துப் போய் இன்ஜினியரிடம் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் கடைசியாக எந்த விமானம் நின்றது என்று கேட்டு, உடனே ரேடியோவில் பேசினார். போல்ட் விமானத்துடையது இல்லை, பெட்டி இழுக்கும் டிராலியுடையது என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று உறுதியாகும் வரை அவர் விடவில்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு அப்போதிலிருந்து தனி மரியாதை.

பாரிஸ் தகடு சுமார் 43 செ.மீ. நீளம், மூன்று செ.மீ. அகலம், டைட்டானியம் கலந்த உலோகம். ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பிய ஒரு டிசி-10 விமானத்தின் இன்ஜின் மூடியிலிருந்து விழுந்தது. அந்தப் பட்டையைச் செய்ததும் பொருத்தியதும் முறைப்படி இல்லை என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது. அந்த டிசி-10 நிறுவனத்தின் மேலான வழக்கு 2012 வரை இழுத்தது. கீழ்க்கோர்ட்டு குற்றம் என்று சொன்னதை மேல்முறையீட்டில் ரத்து செய்தார்கள். எனக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் மனதில் நிற்கிறது. இரண்டு விமானத்துக்கு நடுவில் ஓடுபாதையை நடந்து பார்க்க யாராலும் முடியாது. அதனால்தான் சிங்கப்பூர் சாங்கி மாதிரி இடங்களில் கேமரா வைத்து ஓடுபாதையை விடாமல் பார்க்கிறார்கள். எல்லா ஊருக்கும் அது வர வேண்டும்.

மணலி ரிஃபைனரி அண்ணன்:

சுருக்கமாக ஒன்று. நம்ம மணலியில் சுத்திகரிக்கும் விமான எரிபொருள் குழாய் வழியாகவே மீனம்பாக்கம் போகிறது, அது ஒரு வகை மண்ணெண்ணெய்தான். தண்ணீர் ஒரு சொட்டுக் கலந்தாலும் மேலே போனதும் உறைந்து அடைக்கும் என்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் சாம்பிள் எடுத்துப் பார்ப்பார்கள். கான்கார்டு முழுத்தொட்டிக்கு சுமார் 95 டன் பிடிக்கும். பயணிகளோ 100 பேர். ஆளுக்கு ஒரு டன் என்று கணக்குப் போட்டால், பணக்காரர்கள் மட்டும் ஏன் அதில் போனார்கள் என்று புரியும். பறக்கும்போது அந்த எரிபொருளை முன்னும் பின்னும் தொட்டி மாற்றித்தான் விமானத்தின் எடைச் சமநிலையைக் காத்தார்கள்.

பெரம்பூர் டீச்சர்:

மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது நியூயார்க்கில் இன்ட்ரெபிட் கப்பல் அருங்காட்சியகத்தில் கான்கார்டுக்குள் ஏறிப் பார்த்தேன். 1996இல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 3 மணி நேரத்துக்கும் குறைவாகப் பறந்து சாதனை செய்த அதே விமானம். உள்ளே ஒரே குறுகல், பக்கத்துக்கு இரண்டு இருக்கை. ஜன்னல் என் உள்ளங்கை அளவுதான். 60,000 அடி உயரத்தில் ஒரு ஜன்னல் உடைந்தால் காற்று மெதுவாக வெளியேற வேண்டும், அதற்குள் பைலட் கீழே இறக்கிவிட வேண்டும், அதற்காகவே அவ்வளவு சின்னது என்று மகள் சொன்னாள்.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. துபாய் வழியாகத் திரும்பி வந்தபோது, சென்னையில் இறங்கி விமானம் ஓடிக்கொண்டிருக்கையில் கருகல் வாடை வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, பிறகு சரியாகிவிட்டது. ஆனால் அந்தச் சில நிமிடத்தில் என் வரிசைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுந்து மேல் பலகையைத் திறந்து பையை இழுத்தார்கள். பணிப்பெண் "உட்காருங்கள்" என்று கத்தியும் கேட்கவில்லை. உண்மையிலேயே தீ என்றால் அந்தப் பைகள் நடைபாதையை அடைத்திருக்கும். கைக்குழந்தையோடு பின்னால் இருந்த பெண் எப்படி வெளியே வருவாள்?

பாதிக் கதவுகள் மட்டும் திறந்தாலும் 90 நொடிக்குள் அத்தனை பேரும் வெளியேற முடியும் என்று நிரூபித்தால்தான் பெரிய விமானத்துக்கு அனுமதி. ஏ380 என்ற இரட்டை மாடி விமானத்துக்கு 2006இல் ஹாம்பர்க்கில் இருட்டில் சோதனை வைத்தபோது 873 பேர் 78 நொடியில் இறங்கினார்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் விமானம் ஓடுபாதையிலேயே கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதி எரிந்தது. அந்தச் சின்ன விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வந்தார்கள். பையை விட்டுவிட்டு, சொன்னபடி இறங்கினார்கள். தயவுசெய்து, பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வையுங்கள், மற்றது எரிந்தால் எரியட்டும்.

காசிமேடு பையன்:

டீச்சரம்மா, இனி வீட்டில் யார் கிளம்பினாலும் இதைச் சொல்வேன். கப்பல்கார அண்ணே, கான்கார்டு ஒலியை விட வேகமாகப் போகும்போது இடி மாதிரி வருமாமே, அந்தச் சத்தம் கடலில் கேட்குமா? அந்த மாதிரி விமானம் திரும்ப வருமா?

ராயபுரம் கப்பல்காரர்:

கேட்கும் தம்பி. பிரிட்டனுக்கு மேற்கே அட்லான்டிக்கில் போகும்போது மேகமில்லாத வானத்தில் டம்-டம் என்று அடுத்தடுத்து இரண்டு அடி. மூக்கிலிருந்து ஒன்று, வாலிலிருந்து ஒன்று. ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் வரும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அந்த வேகத்தில் போகும் வரைக்கும் பாதை நெடுக இழுத்துக்கொண்டே வரும். அதனால்தான் கான்கார்டைப் பெரும்பாலும் கடல் மேலேயே வேகமாக ஓட்டினார்கள். அமெரிக்காவில் 1973 முதல் பயணி விமானங்கள் நிலத்தின் மேல் அந்த வேகத்தில் போகத் தடை. 2025 ஜூனில்தான் அதை நீக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

வருமா என்றால், முயற்சி நடக்கிறது. பூம் என்ற நிறுவனத்தின் சோதனை விமானம் 2025 ஜனவரி 28இல் ஒலி வேகத்தைத் தாண்டியது. அந்த இடியைச் சின்னத் தட்டலாகக் குறைக்க நாசா செய்த எக்ஸ்-59, அக்டோபர் 28இல் முதல் தடவை பறந்தது. பயணிகளை ஏற்றுவது வேறு கதை. டயர்கார அண்ணன் சொன்ன தொட்டி விஷயத்தை வரைபடத்திலேயே தீர்த்துவிட்டார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

ரீட்ரெட் கடை வைத்திருப்பவர்கள், ஹார்பரில் சரக்கு ஏற்றுபவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள். வியாசர்பாடி தம்பி, அந்தக் கேமரா நம்ம ஊருக்கு வரும் பேச்சு இருந்தால் இங்கேயே சொல்லு.