ஜெபத்துல தாழ்மைன்னா உண்மையில என்ன?

கடுகுவிதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க ஜெபக்குழுவுல பெரும்பாலும் என்னைத்தான் ஜெபிக்கச் சொல்லுவாங்க, வசனமெல்லாம் கோர்வையா வரும், முடிஞ்சதும் நல்லா ஜெபிச்சீங்க பிரதர்னு சொல்லுவாங்க. போன வாரம் அப்பாவுக்கு ஆபரேஷன், தியேட்டர் வாசல்ல உக்காந்து கண்ணை மூடினா "ஆண்டவரே"ங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. அப்பா இப்ப நல்லா இருக்காங்க, தேவனுக்கு நன்றி. ஆனா இத்தனை வருஷமா நான் தேவனைச் சார்ந்து ஜெபிச்சேனா இல்ல என் பேச்சை நம்பி ஜெபிச்சேனான்னு ஒரே உறுத்தல். குழுவுல வாயைத் திறக்கவே கூசுது, என்ன பண்றது?

ஒலிவ இலை:
அன்னைக்கு நீங்க ஜெபிக்கலன்னு யாரு சொன்னா பிரதர்? என்ன வேண்டிக்கணும்னு நமக்குத் தெரியாதுன்னு ரோமர் 8:26ல அப்போஸ்தலன் பவுலே தன்னையும் சேர்த்துத்தான் சொல்றாரு, அப்ப ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோட நமக்காக வேண்டுதல் செய்றாராம். பிள்ளை வேணும்னு ஆலயத்துல அழுது ஜெபிச்ச அன்னாளுக்கும் உதடுதான் அசைஞ்சுது, சத்தம் வரல, குடிச்சிருக்கான்னு ஆசாரியன் ஏலி நெனச்சுட்டாரு. ஆசாரியனுக்கே புரியாத ஜெபத்தைக் கர்த்தர் கேட்டாரே.

சிறுமந்தை:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கோர்வையா ஜெபிச்சாலே பெருமைன்னு முடிவு பண்ணிடாதீங்க. லூக்கா 18ல இயேசு சொன்ன கதையில வர்ற பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பா கைக்கொள்ற யூதப் பிரிவுக்காரன்) வாரத்துல ரெண்டு தரம் உபவாசம், வருமானத்துல பத்துல ஒரு பங்கு தசமபாகம்னு சொன்னதெல்லாம் பொய்னு இயேசு சொல்லவே இல்ல, ஆனா அவன் ஜெபத்தைத் திரும்பப் படிச்சுப் பாருங்க, அதுல ஒரு விண்ணப்பம்கூட கிடையாது, தேவன்கிட்ட வாங்கிக்க அவனுக்கு ஒண்ணுமே இல்ல. அதே கதையில வர்ற ஆயக்காரன், ஜனங்க பாவின்னு ஒதுக்குன வரி வசூலிக்கிறவன், கிருபையைக் கேட்டான். "நான் தூசி, நான் ஒண்ணுமில்ல"ன்னு அரைமணி நேரம் நம்மளைப் பத்தியே பேசிட்டு எதுவும் கேக்காம எழுந்திரிக்கிறதும் அதே வியாதிதான், நானும் பல வருஷம் அப்படி இருந்தேன். 2 நாளாகமம் 20ல எதிரிப் படை வர்றப்ப யூதாவோட ராஜா யோசபாத் சபை நடுவுல நின்னு நல்லா நீளமாவே ஜெபிக்கிறாரு, ஆனா அது போய் முடியுற இடம், எங்களுக்குப் பெலன் இல்ல, என்ன செய்றதுன்னும் தெரியல, எங்க கண்ணு உம்மையேதான் பாக்குதுன்னு. ராஜாவே ஜனங்க முன்னாடி அப்படிச் சொல்றாருன்னா நம்ம குழுவுல சொல்றதுக்கென்ன? அதனால குழுவை விட்டு ஒதுங்காதீங்க.

ஒலிவ இலை:
இது சரி. இயேசு கத்துக்கொடுத்த ஜெபத்துல அன்றன்றுள்ள ஆகாரம்னு கேக்கச் சொன்னதும் அதுக்குத்தானே, தினமும் அவர்கிட்ட வரணும்னு. வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு தேவன் தினமும் கொடுத்த ஆகாரமான மன்னாவையும் காலைவரைக்கும் மீதி வெச்சவங்களுக்குப் பூச்சிதான் பிடிச்சுது.

கடுகுவிதை:
பரிசேயன் எதுவுமே கேக்கலங்கிறது இத்தனை தடவை படிச்சும் என் கண்ணுல படல, ரொம்ப நன்றி. நாளைக்குக் குழு இருக்கு, போறேன். அப்பாவுக்கு வலி குறையணும், ராத்திரி அவர் பக்கத்துல உக்காந்திருக்க எனக்குப் பொறுமை வேணும், இதைக் கேட்டுட்டு வர்றேன். நீங்களும் ஜெபிச்சுக்கோங்க.