பழைய தொலைக்காட்சி முகங்களும் பொம்மை வியாபாரமும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மில்வாக்கிவாசி:

அமெரிக்காவில் எங்கள் ஊரான மில்வாக்கிக்கு உறவினர் வந்தால் ஆற்றங்கரை நடைபாதைக்கு அழைத்துப்போவது வழக்கம். அங்கே 2008இல் நிறுவிய வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. தோல் சட்டை, உயர்த்திய இரண்டு கட்டைவிரல்கள்: ‘ஹேப்பி டேஸ்’ தொடரின் ஃபான்ஸி. 1974 முதல் 1984 வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஓடிய அந்தத் தொடரின் கதை நடப்பது எங்கள் ஊரில்தான். அதனால் எங்களுக்கு ஒரு சொந்தம் கொண்டாடல்.

சிலையோடு படம் எடுத்துக்கொள்ளக் காசு வேண்டாம். லாஸ் வேகாஸில் வேண்டும். 2010 வாக்கில் அங்கே போயிருந்தபோது சூதாட்டக்கூடம் ஒன்றில் அந்தக் குடும்பம் முழுவதும் ஓர் இயந்திரத்தின் திரையில் சுழன்றுகொண்டிருந்தது. அம்மாவாக நடித்த மேரியன் ராஸ், அப்பா டாம் பாஸ்லி, பிள்ளைகள், எல்லோரும். என் மைத்துனர் இருபது டாலரை அதற்குத் தின்னக் கொடுத்துவிட்டு, “நம் பணம் போனது போகட்டும், இதில் இந்த அம்மாவுக்கு எவ்வளவு சேரும்?” என்று கேட்டார். நிறையச் சேரும் என்றுதான் நானும் நினைத்தேன்.

2011 ஏப்ரலில் பதில் செய்தித்தாளில் வந்தது. மேரியன் ராஸ், எரின் மோரன், டான் மோஸ்ட், ஆன்சன் வில்லியம்ஸ், அதற்கு முந்தைய ஆண்டு காலமான பாஸ்லியின் மனைவி ஆகியோர் தங்கள் முகம் போட்ட பொருள்களுக்கான பங்கு வரவில்லை என்று, தொடரின் உரிமையை வைத்திருந்த சிபிஎஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். இயந்திரங்களைப் பற்றி மேரியன் ராஸுக்கே ஒரு தோழி சொல்லித்தான் தெரிந்ததாம். நீ பெரும் பணம் பார்த்துக்கொண்டிருப்பாயே என்று அந்தத் தோழி நினைத்திருக்கிறார். என் மைத்துனரும் அதைத்தான் நினைத்தார்!

இது போலப் பழைய நடிகர்களையோ அவர்கள் முகம் போட்ட பொருள்களையோ நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

சும்மா_ஒரு_கேள்வி:

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சம்பளம் வாங்கி, வீடு கட்டி, முப்பது வருடம் கழித்து வந்து அழுவதில் என்ன நியாயம்? என் தாத்தா கட்டிய பாலத்தில் இன்றும் பஸ் போகிறது. அவர் சுங்கம் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

தம்பி, அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட அந்த ஒப்பந்தத்திலேயே பங்கு எழுதியிருந்தது. தனி முகத்தைப் போட்டு விற்றால் நிகர வருமானத்தில் 5 சதவீதம், கூட்டமாகப் போட்டால் 2.5 சதவீதம். உங்கள் தாத்தாவுக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அவரும் கேட்டிருப்பார்.

ஓய்வு பெறும்வரை நான் அமெரிக்காவில் உரிமக் கணக்குத் தணிக்கையில் இருந்தேன். பொம்மை செய்பவர், சட்டை அச்சிடுபவர், சாப்பாட்டு டப்பா தயாரிப்பவர் ஆகியோரின் பேரேடுகளைப் புரட்டி, உரிமையாளருக்குச் சேரவேண்டியது சேர்ந்ததா என்று பார்ப்பது வேலை. அதில் ‘நிகரம்’ எப்படிக் கரையும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். கடையில் பத்து டாலருக்கு விற்கும் பொம்மை. தயாரிப்பாளர் கடைக்கு ஐந்து டாலருக்குக் கொடுக்கிறார். அந்த ஐந்தில் எட்டு சதவீதம், அதாவது நாற்பது சென்ட், தொடரின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு உரிமத்தொகை. நிறுவனம் தன் நிர்வாகக் கட்டணம் என்று பாதியை எடுத்துக்கொண்டால் மிச்சம் இருபது சென்ட். அதில் 2.5 சதவீதம் அரை சென்ட். லட்சம் பொம்மை விற்றால் நடிகருக்கு ஐந்நூறு டாலர்.

இந்த ஐந்நூறுக்காக யார் தணிக்கையாளரை அமர்த்துவார்? அவருடைய ஒரு வாரக் கூலிக்கே அது காணாது. இங்கேதான் எல்லாம் நடக்கிறது. பங்கு இருக்கிறது, ஆனால் விற்றவரே எண்ணிச் சொன்னால்தான் அது எவ்வளவு என்று தெரியும். நான் பார்த்த ஒரு கணக்கறிக்கையில் நான்கு ஆண்டு விற்பனை முழுவதும் ‘இதர பொருள்கள்’ என்ற ஒரே வரியில் அடங்கியிருந்தது. அந்த வரியைப் பிரித்துக் காட்டச் சொல்லி நாங்கள் எழுதிய பிறகுதான் கோப்புகள் வரத் தொடங்கின. அதில் பெரிய சதி எதுவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் பிரிக்கவில்லை.

கேட்காமல் இருந்தால் காலமும் ஓடிவிடும். கலிபோர்னியாவில் எழுத்து ஒப்பந்தத்தை மீறியதற்கு வழக்குப் போட நான்கு ஆண்டுதான் கெடு.

பாஸ்டன் மருமகள்:

நான் பார்த்தது மனிதர்களை அல்ல, பொம்மைகளை. அமெரிக்கா வந்த புதிதில், தொண்ணூறுகளில், விமான நிலையம் ஒன்றில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தேன். ‘சியர்ஸ்’ தொடரில் வரும் மதுக்கூடத்தைப் போலவே ஒரு கடை. உள்ளே ஆளுயர இயந்திர பொம்மைகள் இரண்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன. ஒன்று நல்ல பருமன். இன்னொன்று தபால்காரர் உடுப்பில். தொடரைப் பார்த்த யாருக்கும் அவை நார்ம், கிளிஃப் என்று தோன்றும். ஆனால் பெயர் கேட்டால் பாப், ஹேங்க்! என் கணவர் அருகில் போய்ப் பார்த்துவிட்டு, “மூக்கை மாற்றியிருக்கிறார்கள், வயிற்றை விட்டுவிட்டார்கள்” என்றார்.

அந்தப் பாத்திரங்களில் நடித்த ஜார்ஜ் வெண்ட், ஜான் ராட்சன்பெர்கர் இருவரும் 1993இல் வழக்குப் போட்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கடை நடத்தியவர்கள் பாத்திரங்களுக்கான உரிமத்தைத் தொடரின் உரிமையாளரான பாரமவுண்டிடமிருந்து முறைப்படி வாங்கியிருந்தார்கள். நடிகர்கள் சொன்னது: நார்ம் உங்களுடையது, ஆனால் அந்த உடலும் முகமும் என்னுடையவை. கீழ் நீதிமன்ற நீதிபதி பொம்மைகளை நேரில் பார்த்துவிட்டு ஒற்றுமை இல்லை என்று தள்ளிவிட்டார். 1997இல் மேல்முறையீட்டில் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம், அதை நடுவர் குழு பார்த்துச் சொல்லட்டும் என்று திருப்பியனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்ற வாசல்வரை போய், 2001இல் சமரசத்தில் முடிந்தது. மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பொம்மைகளுக்காக எட்டு ஆண்டு.

எனக்கு இன்றும் தீராத சந்தேகம்: பாத்திரத்தை விற்றவர் அதன் வயிற்றையும் சேர்த்து விற்றாரா?

பழைய பெட்டி:

அக்கா, அதற்கு முன்னோடி ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் மிஸ்டர் ஸ்பாக். எழுபதுகளில் ஹைனிகன் பீர் விளம்பரத் தட்டியில் ஸ்பாக்கின் கூரான காதுகள் தொங்கிப் போயிருப்பது போலவும், குடித்தபின் நிமிர்வது போலவும் படம் போட்டிருந்தார்கள். ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமோய்க்கு ஒரு சொல் சொல்லவில்லை. அவர் வழக்குப் போட்டார். 1979இல் வந்த முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்துக்கு அவர் வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் கணக்குத் தீர்ந்தது. படத்துக்கு அவர் தேவைப்படாமல் இருந்திருந்தால்?

தேவைப்படாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். நியூ ஜெர்சியில் பழைய தொலைக்காட்சி ரசிகர் சந்தை ஒன்றில் சில ஆண்டுகள் தன்னார்வ வேலை செய்தேன். மேசை போடுவது, வரிசையைப் பார்ப்பது, நடிகர்களுக்குத் தேநீர் கொண்டுவருவது. அறுபதுகளில் வீடுதோறும் தெரிந்த முகமாக இருந்த ஓர் அம்மையார் (பெயர் வேண்டாம்) ஒரு மேசையில் புகைப்படங்களைப் பரப்பிவைத்துக் கையெழுத்திட்டு விற்பார். ஒரு படத்துக்கு நாற்பது டாலர். மகள் பணம் வாங்கி ஒரு தகரப்பெட்டியில் போடுவார்.

ஒருவர் தொடரின் படம் போட்ட பழைய சாப்பாட்டு டப்பாவைக் கையெழுத்துக்கு நீட்டினார். அம்மையார் முகத்தைப் பார்க்கவில்லை, டப்பாவைக் கவிழ்த்து அடியில் உள்ள உரிம எழுத்தைப் படித்தார். வருடத்தை மகளிடம் உரக்கச் சொன்னார். மகள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். வரிசை ஓய்ந்தபின் அது என்ன நோட்டு என்று கேட்டேன். சந்தைகளுக்கு ரசிகர்கள் கொண்டுவரும் பொருள்களையெல்லாம் பட்டியல் போடுகிறார்களாம்: டப்பா, அட்டை விளையாட்டு, வண்ணப் புத்தகம், காகிதப் பொம்மை. நிறுவனம் கொடுக்காத பட்டியலை ரசிகர்களிடமிருந்து சேர்க்கிறார்கள்! வழக்குப் போடுவீர்களா என்றேன். “இந்த வயதிலா?” என்று சிரித்துவிட்டு, தேநீரில் இன்னும் சர்க்கரை வேண்டும் என்றார்.

அவர் தலைமுறைக்கு மறு ஒளிபரப்புப் பணமும் அதிகம் கிடையாது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க நடிகர் சங்க ஒப்பந்தத்தில் 1974க்கு முன்பு சில மறு ஒளிபரப்புகளோடு பணம் நின்றுவிடும். அதன்பின் வந்த மறு ஒளிபரப்புகள் எல்லாம் அவர்களுக்குச் சல்லிக்காசு தராதவை.

மில்வாக்கிவாசி:

வழக்கு எப்படி முடிந்தது என்று தனி மடலில் இருவர் கேட்டார்கள். நடிகர்கள் முதலில் கேட்டது ஒரு கோடி டாலர். மோசடி என்ற குற்றச்சாட்டை நீதிபதி ஏற்காததால் வெறும் ஒப்பந்த மீறலாகச் சுருங்கியது. பணம் பாக்கி என்பதை சிபிஎஸ் மறுக்கவில்லை. ஆளுக்கு எட்டரையிலிருந்து ஒன்பதாயிரம் டாலர்வரைதான் என்றது. 2012 ஜூலையில் விசாரணை தொடங்கவிருந்த சமயத்தில் ஆளுக்கு 65,000 டாலர், இனிமேல் ஒப்பந்தப்படி கொடுப்போம் என்ற உறுதி, இரண்டோடும் முடித்துக்கொண்டார்கள். ஃபான்ஸியாக நடித்த ஹென்றி விங்க்லரும், மகன் ரிச்சியாக நடித்த ரான் ஹோவர்டும் இந்த வழக்கில் சேரவில்லை.

சும்மா_ஒரு_கேள்வி:

ஒன்பதாயிரம் என்றவர்கள் அறுபத்தைந்தாயிரம் கொடுத்தார்களா? சரி, என் தாத்தாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கோடி என்று கேட்டதும் கொஞ்சம் அதிகம்தான்.

தாம்பரத்தான்:

இங்கே சென்னையில் நெடுந்தொடர்களில் நடிக்கிறேன். சம்பளம் நாள் கணக்கு. மறு ஒளிபரப்புக்கு எனக்கு எதுவும் வந்ததில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு தொடரில் மாமனாராக வந்து கையை விரித்து நான் சொல்லும் ஒரு வசனம் பரவிவிட்டது. என் முகம் வாட்ஸ்அப் ஸ்டிக்கராயிற்று. பிறகு பாண்டி பஜாரில் பனியனில் என்னையே பார்த்தேன். விலை கேட்டேன். கடைப் பையன் என்னை அடையாளம் கண்டு, “சார், உங்களுக்கு இருபது ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்” என்றான். வாங்கினேன்.

கேள்வி இதுதான். ஸ்டிக்கரை வெளியிட்டது தொடரைத் தயாரித்தவர்களே. பனியன் யார் வேலை என்று தெரியவில்லை. என் ஒப்பந்தத்தில் உலகெங்கும் உள்ள, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களிலும் எல்லா உரிமையும் அவர்களுக்கே என்று இருந்ததாக நினைவு. படப்பிடிப்பு நடுவே ஒப்பனை நாற்காலியில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். கணக்குப்பிள்ளை ஐயா, எனக்கு ஏதாவது வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:

நான் வழக்கறிஞன் அல்ல. தெரிந்தவரை சொல்கிறேன். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பனியன் வெளியாளுடையது என்றால் உங்கள் தயாரிப்பாளருக்கும் அதில் கோபம் இருக்கும். தன் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ரஜினிகாந்த் ஒரு படத்துக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவர் பக்கம் நின்றது. அவ்வளவு புகழ் இல்லாதவருக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பதை உங்கள் வழக்கறிஞர் சொல்ல வேண்டும்.

ஸ்டிக்கர் விஷயம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 38ஏ பிரிவு, நடிப்பை வணிகரீதியாகப் பயன்படுத்தினால் நடித்தவருக்கு ராயல்டி உண்டு என்கிறது. அசையாத முகப்படம் ‘நடிப்பு’ ஆகுமா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். அதைப் பிறகு பார்க்கலாம்.

‘இருந்ததாக நினைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நகல் உங்களிடம் இல்லை. ஸ்டிக்கருக்குப் பணம் கேட்டு இப்போது எதுவும் எழுதாதீர்கள். நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முழு நகலும் இணைப்புகளும் வேண்டும் என்று மட்டும் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் போடுங்கள். மேலாளரிடம் தொலைபேசியில் கேட்டால் பார்க்கலாம் என்பார், பார்க்கமாட்டார். பனியனைக் கடைச் சீட்டோடு பத்திரமாக வையுங்கள். சீட்டு வாங்கவில்லை என்றால் இன்னொன்று வாங்குங்கள், இம்முறை முழு விலைக்கு.