சின்ன காமா கேமராவுக்குள் என்ன கிரிஸ்டல்? டர்பன் பக்கம் பட்ட அனுபவங்கள்

கிரிஸ்டல்காரன், சாட்ஸ்வொர்த்:

ஆஸ்பத்திரிகளில் காமா கேமரா (ஊசியில் போட்ட கதிர்வீசும் மருந்து உடம்பில் எங்கே போயிருக்கிறது என்று படம் பிடிக்கும் கருவி) பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போகிற சின்ன கேமரா வாங்கலாமா என்று இப்போது இங்கே பேச்சு ஓடுகிறது. கேட்கிறவர்கள் எல்லாரும் விலையையும் எடையையும்தான் விசாரிக்கிறார்கள், கதிர் பட்டால் மினுங்குகிற கிரிஸ்டல் உள்ளே எது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. நம் கடற்கரைக் காற்றுக்கும் கரண்ட் வெட்டுக்கும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

லோட் ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) தலைக்கு மேல் போன 2022 கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது, பெயர் வேண்டாம். டீசல் ஜெனரேட்டர் கேமராவைத் தாங்கியது, ஏசியைத் தாங்கவில்லை. கிரிஸ்டலுக்கு முன்னால் இருக்கிற காலிமேட்டரை (கதிரை நேராக மட்டும் உள்ளே விடும் ஓட்டைத் தகடு) கழற்றி வைத்த நேரம் வேறு. மறுநாள் காலை ஒரே சீராகக் கதிர்வீசும் கோபால்ட்-57 தகட்டை வைத்துச் சீர்மை, அதாவது படம் முழுக்க ஒரே எண்ணிக்கை வருகிறதா என்று பார்த்தால், படத்தின் குறுக்கே எண்ணிக்கையே இல்லாத ஒரு கோடு, அதன் இரண்டு ஓரத்திலும் எண்ணிக்கை கூடிப்போய்ப் பளிச்சென்று. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கிரிஸ்டல் விரிசல் விட்டுவிட்டது.

உள்ளே இருந்தது தாலியம் கலந்த சோடியம் அயோடைடு, ஒரே பலகையாக, சுமார் 9.5 மி.மீ. தடிமன். 1948இல் ஹாஃப்ஸ்டாட்டர் காட்டிய பொருள், 1950களில் ஹால் ஆங்கர் அதை வைத்துக் கேமராவே செய்தார், இன்றைக்கும் பெரிய கேமராக்களில் பெரும்பாலும் அதுதான். வெளிச்சம் நன்றாகத் தரும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் வெப்பத்துக்கு ஏகமாக விரியும், சட்டென்று உடையும். மணிக்கு 5 டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பிப்ரவரி மாத டர்பனில் ஏசி நின்ற அறைக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

அதைவிட மோசம் ஈரம். அடிப்படையில் அது ஓர் உப்புதானே. அலுமினிய உறையின் ஒட்டு லேசாக விட்டால் போதும், ஈரத்தை இழுத்து அங்கங்கே மஞ்சளாகிவிடும், தான் விடுகிற நீல வெளிச்சத்தைத் தானே விழுங்கும். வழக்கமான சீர்மைப் படத்தில் இது சீக்கிரம் தெரியாது. ஆற்றல் ஜன்னலை (கேமரா எண்ணிக்கையில் சேர்க்கிற ஆற்றல் வரம்பு) மருந்தின் கதிர் அதிகம் விழுகிற உச்சிக்குக் கொஞ்சம் மேலே தள்ளி இன்னொரு படம் எடுங்கள், அம்மை போட்டாற்போல் எண்ணிக்கை குறைந்த புள்ளிகள் கிளம்பும். கீழே தள்ளினால் அதே இடங்கள் தூக்கலாகத் தெரியும். மாதம் ஒரு தடவையாவது இதைச் செய்யாத துறையை எனக்குப் பிடிக்காது.

சரி, சின்ன கேமராவுக்கு வருவோம். தாலியம் கலந்த சீசியம் அயோடைடு ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, மெத்தென்ற பொருள் என்பதால் லேசில் விரிசலும் விடாது. கதிரின் ஆற்றலில் ஒரு கேவிக்கு (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) 54 ஃபோட்டான் அளவுக்கு வெளிச்சம் (சோடியம் அயோடைடுக்கு 38), அதுவும் பச்சையை ஒட்டி 550 நானோமீட்டரில், வெளிச்சத்தைப் படிக்கிற சிலிக்கன் சில்லுக்குப் பிடித்த நிறம். ஒவ்வொரு மினுங்கலும் அணைய ஒரு மைக்ரோ நொடி எடுத்துக்கொள்ளும், மந்தம்தான். ஆனால் ஆபரேஷனில் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க நிணநீர்க் கணு தேடும்போது வருகிற சொற்ப எண்ணிக்கைக்கு அந்த வேகம் தாராளம். காக் என்கிறார்களே, காடோலினியம், அலுமினியம், காலியம் கலந்த கார்னெட், அது ஈரத்தை இழுக்கவே இழுக்காது, அடர்த்தி 6.6, உறையே இல்லாமல் மேஜையில் கிடக்கும். என் ஓட்டு அதற்குத்தான். லாந்தனம் புரோமைடின் ஆற்றல் பிரிதிறன் (கதிரின் ஆற்றலை எவ்வளவு துல்லியமாகப் பிரித்தறியும் என்பது) தாளில் பிரமாதம், ஆனால் ஈரத்துக்கு சோடியம் அயோடைடையும் தூக்கிச் சாப்பிடும். கிங் ஷாகா விமான நிலையத்தில் இறக்கும்போதே எனக்கு வயிறு கலங்கும்.

தியேட்டர் அக்கா, ஃபீனிக்ஸ்:

தம்பி சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் ஆபரேஷன் நடக்கிற இடத்தில் நிற்பவள் நான், அதனால் எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு முதல் கணுவை (கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு) தேடுகிறோம், கதிர்வீசும் டெக்னீஷியம்-99எம் ஊசி காலையிலோ முந்தின நாளோ போட்டிருக்கும். அரை ஆயுள் 6 மணி நேரம், டாக்டர் தாமதித்தால் நம் கையிருப்புக் கரைந்துகொண்டே போகும். கதிர் பட்டால் சத்தம் மட்டும் போடுகிற புரோப் (கையில் பிடிக்கும் குச்சி போன்ற கருவி) வைத்துத் தேடும்போது ஊசி போட்ட இடமே கத்தோ கத்து என்று கத்தும், அக்குளில் பக்கத்திலேயே இருக்கிற கணு அதில் அமுங்கிப்போகும். ஒரு தடவை நிறுவனத்துக்காரர்கள் சின்ன கேமராவைக் காட்டிப்போகக் கொண்டுவந்தார்கள். கையைத் தூக்கிப் பிடித்து, கேமராவைச் சாய்த்து வைத்தபோது ஊசிப் புள்ளி ஒரு ஓரத்துக்குப் போய், பெரிய புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான புள்ளி தனியாகத் தெரிந்தது. டாக்டர் ஒன்றும் பேசவில்லை, வெட்டுகிற இடத்தை மட்டும் இரண்டு விரல் தள்ளிக் குறித்துக்கொண்டார்.

ஆனால் கேமராவின் ஓரம் முக்கியம் தம்பி. கிரிஸ்டலுக்கும் வெளி உறைக்கும் நடுவே வீண் இடம் நிறைய இருந்தால் அக்குளுக்குள் நுழையாது. மற்றதையெல்லாம் அப்புறம் பாருங்கள்.

ஹைவெல்ட்வாசி, ஜோகன்னஸ்பர்க்:

இங்கே காற்று வறட்சி, மஞ்சள் புள்ளி எல்லாம் அரிது. எங்கள் தொல்லை ஜூலை மாத இரவுக் குளிர், ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனால் விடிவதற்குள் அறை விறைத்துப்போகும்.

நான் சொல்ல வந்தது வேறு. அண்ணா கிரிஸ்டலோடு நிறுத்திவிட்டார். சின்ன கேமராவில் கிரிஸ்டலின் வெளிச்சத்தை மின்சாரமாக மாற்ற, பழைய ஃபோட்டோ குழாய்க்குப் பதில் சிலிக்கன் ஃபோட்டோமல்டிப்ளையர் என்ற சில்லு இருக்கும். ஆயிரம் வோல்ட் வேண்டாம், முப்பது ஐம்பதில் ஓடும், அதனால்தான் பெட்டி அவ்வளவு சிறிசு. ஆனால் சூடு ஏற ஏற அதன் பெருக்கம் இறங்கும், டெக்னீஷியத்தின் 140 கேவி உச்சி இடம் மாறும். வெறும் இரைச்சலோ 8 முதல் 10 டிகிரிக்கு ஒரு தடவை இரட்டிக்கும். கிரிஸ்டல் டர்பன் வெயிலைத் தாங்கினாலும் அதைப் படிக்கிற சில்லு தாங்க வேண்டாமா? வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜைத் தானே திருத்திக்கொள்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, பெட் ஸ்கேனருக்கு (எதிரெதிரே பறக்கும் ஜோடி ஃபோட்டான்களை வைத்துப் படம் எடுக்கும் இன்னொரு வகைக் கருவி) செய்த லுட்டீசியம் கிரிஸ்டலை மலிவாகக் கிடைக்கிறதென்று இதில் போட்டு விற்பவர்களும் உண்டு. லுட்டீசியம்-176 தானே கதிர்வீசும், ஒரு கன சென்டிமீட்டருக்கு நொடிக்கு 250க்கு மேல். பெட்டில் இரண்டு ஃபோட்டான் ஒரே நேரத்தில் வரவேண்டும் என்பதால் அது வடிகட்டப்பட்டுவிடும். இங்கே அந்த வசதி கிடையாது, மங்கலான கணு அதில் மூழ்கிவிடும்.

மகள், டோங்காட்:

அடுத்த வாரம் அம்மாவுக்கு இந்த ஸ்கேன். கிரிஸ்டல் தானே கதிர்வீசும் என்று படித்ததும் பயமாகிவிட்டது அண்ணா. அந்த மெஷினிலிருந்து அம்மாமேல் ஏதாவது வருமா?

கிரிஸ்டல்காரன், சாட்ஸ்வொர்த்:

வராதும்மா. கேமரா எதையும் வீசாது, அம்மா உடம்பில் போட்ட மருந்திலிருந்து வருவதை வாங்கி மினுங்கும், அவ்வளவுதான். லுட்டீசியத்தில் இருக்கிற சொற்பம் படத்தைத்தான் கெடுக்கும், ஆளை ஒன்றும் செய்யாது. கேமராவை உடம்போடு எவ்வளவு ஒட்டிப் பிடிக்கிறார்களோ அவ்வளவுக்குப் படம் தெளிவாக வரும், அதனால் நெருக்கமாக வைத்தால் அம்மா பதற வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

ஹைவெல்ட்வாசி, சில்லு விஷயம் சரியான கேள்வி. விற்க வருகிறவரிடம் 140 கேவியில் ஆற்றல் பிரிதிறன் என்ன என்று கேட்டால் உடனே ஓர் எண் வரும், அது 20 டிகிரி ஆய்வுக்கூட எண். அதையே 30 டிகிரியில் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறேன், அதோடு அரை மணி நேரம் கரண்டைப் பிடுங்கித் திரும்பக் கொடுத்த பிறகு எடுத்த சீர்மைப் படமும் வேண்டும் என்கிறேன். யாராவது வாங்கியிருந்தால் இங்கே போடுங்கள்.