ரவுட்டரை மாற்றும் முன் அடாப்டரைப் பாருங்கள்

மதுரைக்காரன்:
அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டில் சாயங்காலம் ஆனால் போதும், நெட் விட்டு விட்டு வரும். பகலில் ஒரு தொந்தரவும் இருக்காது. இணைப்பு கொடுத்தவர்களின் ஆள் வந்து, "லைன் நல்லாத்தான் இருக்கு, ரவுட்டர் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் போனில் கேட்டது ஒன்றுதான். "நெட் போறப்ப ரவுட்டர்ல எல்லா லைட்டும் அணையுதாப்பா, இல்ல ஒண்ணு மட்டும் நிறம் மாறுதா?" எல்லாமே ஒரு நொடி அணைந்து, முதலிலிருந்து எரியத் தொடங்குகிறது என்றார். பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. எல்லா விளக்கும் அணைந்தால் கோளாறு கரண்ட் வரும் வழியில். சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் (LOS) விளக்கு மட்டும் சிவப்பானால், வெளியிலிருந்து வரும் ஃபைபரில், அதாவது கண்ணாடி இழை ஒயரில். எல்லாம் பச்சையாக எரிந்தும் ஒரு அறையில் மட்டும் நெட் வரவில்லை என்றால் வைஃபையில்.

ஊருக்குப் போனதும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். அடாப்டரைத் தனியாக அளந்தால் சரியாக 12 வோல்ட். இங்கேதான் பலர் அடாப்டர் நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். சிசிடிவி கேமராவுக்குப் போடும், ஒரு அடாப்டரின் கரண்டை இரண்டாகப் பிரிக்கும் இரட்டை வாய் ஒயரை இடையில் செருகி, ரவுட்டர் ஓடும்போதே அளந்தேன். இரண்டு போனில் வீடியோ ஓடவிட்டதும் 10க்குக் கீழே இறங்கி, ரவுட்டர் அணைந்து எழுந்தது. வேலை கூடினால் ரவுட்டர் இழுக்கும் கரண்டும் கூடும். உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்துபோன அடாப்டரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. சாயங்காலம் மட்டும் படுத்ததற்குக் காரணம் இதுதான்.

அடாப்டரை மட்டும் மாற்றினோம், சரியாகிவிட்டது. வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் பிளஸ், மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும். பழையதைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

குமரிக்காரி:
எங்க வீட்டில் நீங்க சொன்ன சிவப்பு விளக்கு கதை. பெயின்ட் அடிக்க வந்தவங்க ஃபைபர் ஒயரைச் சுவர் மூலையில் இறுக்கி மடிச்சு, ஆணி போட்டு வச்சிருந்தாங்க. செம்புக் கம்பியை மடிச்சா ஒண்ணும் ஆகாது. கண்ணாடி இழையில் கூர்மையா மடிக்கிற இடத்தில் வெளிச்சம் வெளியே கசிஞ்சிரும். மடிப்பை எடுத்து அகலமான வளையமா சுத்தி விட்டதும் பச்சை வந்தது. உடைஞ்சிருந்தா இப்படி வராது, ஒட்டுறதுக்கு ஆள்தான் வரணும். ஒரு விஷயம்: கழற்றின ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரா வச்சு யாரும் பார்க்காதீங்க. உள்ளே போற ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

ஈரோட்டுக்காரர்:
அந்த அகச்சிவப்பே டிவி ரிமோட்டுக்கும் உதவும். ரிமோட்டை மொபைலின் செல்ஃபி கேமரா முன்னால் பிடித்து பட்டனை அமுக்கினால், ஊதாவாக ஒரு புள்ளி மின்னும். மின்னினால் ரிமோட் வேலை செய்கிறது, டிவி பக்கம் பாருங்கள். சில போன்களின் பின்கேமராவில் வடிகட்டி இருப்பதால் தெரியாது.

எனக்கும் ஒரு சந்தேகம். புது அடாப்டர் போட்டும், கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் நேரத்தில் ரவுட்டர் அணைந்து எழுகிறது. ஃபேன், லைட்டெல்லாம் அப்படியே ஓடுகிறது.

மதுரைக்காரன்:
அது லைன் கரண்டிலிருந்து இன்வெர்ட்டருக்கு மாறும் இடைவெளிங்க. ஃபேனுக்கு அந்தக் கண நேரம் தெரியாது, ரவுட்டர் தாங்காது. நிறைய இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால் வேகமாக மாறும். அதற்கும் அணைந்தால், ரவுட்டருக்கென்றே உள்ளே பேட்டரி வைத்த 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள்.